டியூ டேட் ஒண்ணுதான், ஃபைலில் ஏன் நாலு தேதி?

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

கர்ப்பம் உறுதியானதும் வீட்டில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எப்போ தேதி கொடுத்திருக்காங்க?" என்பதுதான். டாக்டர் ஒரு தேதி சொல்வாங்க. போனில் இருக்கிற ஆப் ரெண்டு நாள் முன்னாடி ஒரு தேதி காட்டும். மூணாம் மாச ஸ்கேனில் ஒண்ணு, எட்டாம் மாச ஸ்கேனில் இன்னொண்ணு. ஃபைலைப் புரட்டினால் நாலு தேதி இருக்கும். இதுல எது சரி? எதை நம்பறது?

இன்னிக்கு அதைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். குழந்தை எந்த நாளில் பிறக்கும்னு சொல்வதில் டியூ டேட் அவ்வளவு கெட்டி கிடையாது. அதோட பெரிய உபயோகம் வேற: இன்னிக்கு எத்தனையாவது வாரம் நடக்குது என்று சொல்வது. கர்ப்ப காலத்தில் டாக்டர் எடுக்கும் பல முடிவுகள் அந்த வார எண்ணிக்கை மேலதான் நிற்கின்றன. அதனால் அந்தத் தேதி எப்படி வருது, எப்போ மாத்தலாம், எப்போ மாத்தக் கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

எண்ணிக்கை எங்கே ஆரம்பிக்குது?

நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுக்கறீங்க, பாசிட்டிவ். டாக்டர் "அஞ்சு வாரம்" என்கிறார். இங்கேயே பலருக்குக் குழப்பம் வரும். கல்யாணம் ஆகியே நாலு வாரம்தானே, அஞ்சு வாரம் எப்படி? சில வீடுகளில் இந்தக் கேள்வி தேவையில்லாத சந்தேகமாகவும் சண்டையாகவும் மாறிவிடுகிறது.

விஷயம் ரொம்ப எளிது. கர்ப்பத்தின் வாரங்களைக் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக வந்த பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ரிப்போர்ட்டில் எல்.எம்.பி என்று போட்டிருப்பது அந்த நாளைத்தான். 28 நாள் சுழற்சி இருக்கிற ஒருவருக்குக் கருமுட்டை சுமாராக 14-ஆம் நாளில் வெளியாகும். கரு உருவாவது அதை ஒட்டித்தான். அப்படியென்றால் கணக்கில் வருகிற முதல் ரெண்டு வாரத்தில் கர்ப்பமே கிடையாது. ரிப்போர்ட் "5 வாரம்" என்றால் கரு உருவாகி சுமார் 3 வாரம் ஆகியிருக்கிறது. அவ்வளவுதான். வீட்டில் யாராவது கேட்டால் இதை அப்படியே சொல்லுங்க.

ஏன் இப்படிச் சுத்தி வளைச்சு எண்ணணும்? கரு உருவாகிற நாள் யார் கண்ணுக்கும் தெரியாது. பீரியட்ஸ் வந்த நாள் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த நாளை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்டார்கள்.

விரல் விட்டு எண்ணுகிற கணக்கு

டாக்டரும் நர்ஸும் மனக்கணக்காகவே தேதி சொல்வதைப் பார்த்திருப்பீங்க. அதுக்கு நேகலே விதி என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்த மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலே பரப்பிய கணக்கு இது. அவருக்கும் முன்னாடி நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவே எழுதி வைத்ததை ஒட்டி வந்தது. அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது. சுழற்சியில் கருமுட்டை எந்த நாளில் வெளியாகும் என்பதும் யாருக்கும் தெரியாது. அப்படி வந்த கணக்கைத்தான் இன்றைக்கும் முதல் படியாக வைத்திருக்கிறோம்.

கணக்கு இதுதான்: கடைசி பீரியட்ஸின் முதல் நாளை எடுத்துக்கோங்க. மூணு மாசம் பின்னாடி போங்க, ஏழு நாள் கூட்டுங்க, வருஷத்தைச் சரி பண்ணிக்கோங்க. எல்.எம்.பி 2025 ஜூன் 10 என்றால், மூணு மாசம் பின்னாடி மார்ச் 10, ஏழு நாள் கூட்டினால் மார்ச் 17. ஆக டியூ டேட் 2026 மார்ச் 17. இடையில் சரியாக 280 நாள், அதாவது 40 வாரம்.

இப்போ ஆப் ஏன் வேற தேதி காட்டுதுன்னு பார்ப்போம். எல்.எம்.பி 2025 மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம். விரல் கணக்கில் டிசம்பர் 17 வரும். நாள் நாளாக 280 எண்ணினால் டிசம்பர் 15 வரும். மாசத்துக்கு 28, 30, 31 என்று நாட்கள் மாறுவதால் வருகிற வித்தியாசம் இது. ஆப் பொதுவாக 280 நாளை நேரடியாக எண்ணும், டாக்டர் மாசக் கணக்கில் போயிருப்பார். ரெண்டு மூணு நாள் வித்தியாசத்துக்காகப் பதறத் தேவையில்லை.

இன்னொரு பழைய சந்தேகமும் இங்கே தீர்ந்துடும். நம்ம ஊரில் "பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்போம். சினிமாவில், இங்கிலீஷ் புத்தகத்தில் எல்லாம் ஒன்பது மாசம். எது சரி? 280 நாளை 28 நாள் கொண்ட மாசமாகப் பிரித்தால் சரியாகப் பத்து. காலண்டர் மாசமாகப் பார்த்தால் ஒன்பது மாசமும் சுமார் ஏழு நாளும். அம்மா சொன்னதும் சரி, புத்தகம் சொல்வதும் சரி.

இந்தக் கணக்கு எங்கே சறுக்குது?

விரல் கணக்கு ரெண்டு விஷயத்தை நம்பி நிற்கிறது. ஒன்று, உங்களுக்கு எல்.எம்.பி சரியாக ஞாபகம் இருக்கிறது. ரெண்டு, உங்கள் சுழற்சி 28 நாள். நிஜத்தில் இந்த ரெண்டுமே பலருக்குப் பொருந்தாது.

சுழற்சி ஒழுங்காக 35 நாளுக்கு ஒரு தடவை வருகிறவர்களுக்குக் கருமுட்டை 21-ஆம் நாள் வாக்கில் வெளியாகும். அவர்களுக்கு டியூ டேட்டில் ஒரு வாரம் கூட்டிக்கணும். ஆனால் ஒரு மாசம் 30 நாள், அடுத்த மாசம் 50 நாள் என்று வருகிறவர்களுக்கு எதைக் கூட்டுவது? பி.சி.ஓ.டி இருக்கிறவர்களுக்கு இது தினசரி யதார்த்தம். கருத்தடை மாத்திரையை நிறுத்திய உடனே கருத்தரித்தவர்கள், முதல் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ரெண்டாவது கருத்தரித்தவர்கள் நிலையும் இதேதான். சிலருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் லேசாக ரத்தக்கசிவு இருக்கும். அதை பீரியட்ஸ் என்று நினைத்துக்கொண்டால் எண்ணிக்கை மொத்தமாக ஒரு மாசம் தள்ளிப்போயிடும்.

ஐ.வி.எஃப் மூலம் கருத்தரித்தவர்களுக்கு மட்டும் இந்தத் தலைவலி கிடையாது. கருவின் வயது லேபிலேயே தெரியும். ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைத்திருந்தால், வைத்த நாளோடு 261 நாள் கூட்டினால் டியூ டேட். அங்கே எல்.எம்.பி-யைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

முதல் ஸ்கேன் ஏன் ராஜா?

வயிற்றுக்குள் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும் முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்டும் அவருடைய குழுவினரும் 1958-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அதே நகரில் ஹியூ ராபின்சன் 1973-இல் ஒரு எளிய அளவை முன்வைத்தார்: கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளம். உங்கள் ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல் என்று மில்லிமீட்டரில் இருப்பது அதுதான்.

இந்த அளவு ஏன் இவ்வளவு நம்பகமானது? முதல் மூணு மாசத்தில் எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளரும். அம்மா உயரமா குட்டையா, அப்பா யாரு, என்ன சாப்பிட்டாங்க என்பதெல்லாம் அப்போது பெரிய வித்தியாசத்தைக் காட்டாது. ஏழு, எட்டு, ஒன்பதாவது வாரங்களில் கரு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். 12 வாரத்தில் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் இருக்கும். அதனால் நீளத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். 13 வாரம் 6 நாள் வரைக்கும் எடுக்கிற இந்த அளவில் பிழை அஞ்சு முதல் ஏழு நாளுக்குள்தான்.

அப்போ எல்.எம்.பி தேதியும் ஸ்கேன் தேதியும் மோதினால் யார் சொல்வதைக் கேட்பது? அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் தந்த வழிகாட்டுதல் ஒரு தெளிவான வரம்பு வைத்திருக்கிறது. 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் வித்தியாசம் 5 நாளுக்கு மேல் போனால் ஸ்கேன் தேதிக்கு மாறணும். 9 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை என்றால் வரம்பு 7 நாள். அதற்குள் இருந்தால் எல்.எம்.பி தேதியே இருக்கட்டும்.

அதே மார்ச் 10 உதாரணத்துக்கே வருவோம். மே 19-ஆம் தேதி ஸ்கேன் எடுக்கறீங்க. எல்.எம்.பி கணக்கில் அன்னிக்குச் சரியா 10 வாரம். ஸ்கேன் 9 வாரம் 3 நாள் என்று காட்டினால் வித்தியாசம் 4 நாள்தான், தேதியை மாத்த வேண்டாம், டிசம்பர் 15 அப்படியே. ஸ்கேன் 8 வாரம் 4 நாள் என்று காட்டினால் வித்தியாசம் 10 நாள். இப்போ தேதி டிசம்பர் 25-க்கு நகரும். உங்களுக்கு அந்த மாசம் கருமுட்டை தாமதமாக வெளியாகியிருக்கிறது என்று அர்த்தம். குழந்தைக்கு ஏதோ குறை என்று உடனே பயந்துடாதீங்க.

அதற்கு அப்புறம் தேதியைத் தொடக் கூடாது

இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா, இதை வெச்சுக்கோங்க.

முதல் மூணு மாச ஸ்கேனில் தேதி முடிவாகிவிட்டால், அதற்குப் பிறகு வருகிற எந்த ஸ்கேனும் அதை மாற்றக் கூடாது. ஆனால் ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் மிஷின் புதுசாக ஒரு டியூ டேட்டை அச்சடித்துக் கொடுக்கும். குழந்தையின் தலை அளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் இதையெல்லாம் அளந்து, "சராசரிக் குழந்தைக்கு இந்த அளவு எந்த வாரத்தில் இருக்கும்" என்று பார்த்து அது தேதி போடுகிறது. ஃபைலில் நாலு தேதி வருவது இதனால்தான்.

ஐந்தாம் மாசத்துக்குப் பிறகு குழந்தைகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒருத்தர் குண்டாக இருப்பார், ஒருத்தர் ஒல்லியாக இருப்பார், நம்மைப் போலத்தான். அதனால் 28 வாரத்துக்கு மேல் எடுக்கிற ஸ்கேனை மட்டும் வைத்து வயது சொன்னால் மூணு வாரம் வரை முன்னே பின்னே போகலாம்.

ஆபத்து எங்கே இருக்குன்னா, உங்களுக்கு 32 வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் "30 வார அளவு" என்கிறது. ரெண்டு விளக்கம் இருக்கலாம். தேதி தப்பு, அல்லது குழந்தை வளர வேண்டிய அளவு வளரவில்லை. முதல் ஸ்கேனில் தேதி உறுதியாகியிருந்தால் முதல் விளக்கத்துக்கு இடமே இல்லை. டாக்டர் உடனே நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கு, பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கா என்று பார்ப்பார், ரெண்டு வாரத்தில் திரும்ப ஸ்கேனுக்கு வரச் சொல்வார். ஆனா யாராவது, "சரி, தேதிதான் தப்பா இருக்கும், ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுடலாம்"னு சொன்னா என்ன ஆகும்? பேப்பரில் குழந்தை நார்மல் ஆயிடும். வயிற்றுக்குள் நிலைமை அப்படியே இருக்கும். கவனிக்க வேண்டிய ஒரு குழந்தையை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

அதனாலதான் சொல்றேன், கடைசி ஸ்கேன்தானே லேட்டஸ்ட், அதுதான் சரியா இருக்கும்னு நினைக்காதீங்க. போன், லேப்டாப் விஷயத்தில் லேட்டஸ்ட் நல்லது. டியூ டேட் விஷயத்தில் ஆரம்பத்தில் எடுத்ததுதான் நல்லது.

ஒரு வாரம் தப்பினால் என்ன கெட்டுப்போகும்?

நியாயமான கேள்வி. சில இடங்களில் அந்த ஒரு வாரம் நிறையவே மாத்தும்.

குறைமாதப் பிரசவத்தை எடுத்துக்கோங்க. 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். 34 வாரத்துக்கு முன்னாடி பிரசவம் ஆகிவிடும் போல் இருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். போடணுமா வேண்டாமா, சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாத்தணுமா என்பதையெல்லாம் அந்த வார எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அடுத்தது நம்ம ஊர் விஷயம்: நல்ல நேரம் பார்த்து சிசேரியன். நட்சத்திரம் பார்த்து, "38 வாரம் ஆயிடுச்சே, வர்ற வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாமா" என்று கேட்கிற குடும்பங்கள் உண்டு. மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னாடி திட்டமிட்டு எடுக்க வேண்டாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். 37, 38 வாரத்தில் பிறக்கிற குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் போன்ற பிரச்சினைகள் கொஞ்சம் அதிகம். இதில் தேதியும் பத்து நாள் தப்பாக இருந்தால், 38 என்று நினைத்து எடுத்த குழந்தைக்கு நிஜத்தில் 36 வாரம் சொச்சமாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தேதி தாண்டிப் போனால் எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? 41 வாரம் ஆனது உறுதியாகத் தெரிந்தால் வலி வரவைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இங்கே "உறுதியாக" என்கிற சொல் முக்கியம். உறுதி எங்கிருந்து வரும்? அந்த முதல் ஸ்கேனிலிருந்துதான்.

சட்டமும் இதே எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் பேறுகால விடுப்பு. அதில் அதிகபட்சம் 8 வாரத்தை எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முன்னாடி எடுத்துக்கலாம். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இருக்கும் பெண்களுக்கு மட்டும், அதுவும் ரெண்டு மருத்துவர்களின் கருத்தோடு. 19 வாரமா 21 வாரமா என்பது அங்கே சாதாரண வித்தியாசம் இல்லை.

முதல் ஸ்கேன் எடுக்காதவர்கள்?

எல்லாருக்கும் மூணு மாசத்துக்குள் ஸ்கேன் எடுக்க வாய்ப்பு இருக்காது. கர்ப்பம் என்றே நாலு மாசம் கழித்துத் தெரிந்தவர்கள் உண்டு. அப்போது டாக்டர் கிடைக்கிற தடயங்களைச் சேர்த்துப் பார்ப்பார். குழந்தை அசைவதை முதன்முதலாக உணர்ந்தது எப்போ? முதல் கர்ப்பத்தில் அது பொதுவாக 18 முதல் 20 வாரத்தில் தெரியும், அடுத்த கர்ப்பத்தில் கொஞ்சம் முன்னாடியே. வயிற்றை டேப் வைத்து அளப்பாங்களே, 24 வாரத்துக்கு மேல் அந்த சென்டிமீட்டரும் வார எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒத்துப்போகும். கிடைக்கிற ஸ்கேன்களில் எது முன்னாடி எடுத்ததோ அதுக்கே முன்னுரிமை.

தாமதமாக எடுக்கிற ஸ்கேனில் இன்னொரு சிக்கல், மிஷினுக்குள் இருக்கும் கணக்கு எந்த ஊர்க் குழந்தைகளை அளந்து உருவானது என்பது. பரவலாகப் பயன்படும் ஹாட்லாக் சூத்திரம் 1980-களில் அமெரிக்காவில் உருவானது. இந்தியக் கர்ப்பிணிகளின் தரவை வைத்தே ஒரு கணக்கு வேண்டும் என்று சென்னை ஐ.ஐ.டி-யும் ஃபரிதாபாத்தில் உள்ள டி.ஹெச்.எஸ்.டி.ஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து வேலை செய்தன. குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் தரவிலிருந்து 'கர்பினி-ஜி.ஏ.2' என்ற மாதிரியை உருவாக்கி 2024-இல் அறிவித்தார்கள். ரெண்டாவது, மூணாவது டிரைமெஸ்டரில் வயது கணிப்பதற்கான மாதிரி அது.

அந்த நாள்லயே பிறக்குமா?

பெரும்பாலும் பிறக்காது. சரியாக டியூ டேட் அன்றே பிறக்கிறவர்கள் நூற்றில் நாலைந்து பேர்தான். அமெரிக்காவில் 125 கர்ப்பங்களில் தினமும் சிறுநீரில் ஹார்மோன் பார்த்து, கருமுட்டை வெளியான நாளையே கண்டுபிடித்து ஆராய்ந்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வு அது. ஆரம்ப நாள் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தும், குறைமாதப் பிரசவங்களை ஒதுக்கிய பிறகும், கர்ப்பத்தின் நீளம் ஆளுக்கு ஆள் 37 நாள் வரை வேறுபட்டது. அதாவது எண்ணிக்கை சரியாக இருந்தாலும் குழந்தை தன் நேரத்தில்தான் வரும்.

அதனால் சொந்தக்காரங்க கேட்டால், "டிசம்பர் 15" என்பதற்குப் பதில் "டிசம்பர் நடுவில், முன்னே பின்னே ரெண்டு வாரம்" என்று சொல்லிப் பாருங்க. 16-ஆம் தேதி காலையில் "இன்னும் ஆகலையா?" என்று வருகிற போன் பாதி குறையும்.

கடைசியா, செய்ய வேண்டியது என்ன?

குழந்தைக்காக முயற்சி பண்றவங்க, ஒவ்வொரு மாசமும் பீரியட்ஸ் முதல் நாளை எங்கேயாவது குறிச்சு வைங்க. ஆப் வேணும்னு இல்லை, சமையலறை காலண்டர் போதும். டாக்டரிடம் எல்.எம்.பி சொல்லும்போது, சுழற்சி எத்தனை நாள், ஒழுங்கா வருமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க, குத்துமதிப்பாக ஒரு தேதி சொல்லாதீங்க. முதல் ஸ்கேனைத் தள்ளிப் போடாதீங்க. அது முடிந்ததும், "என்னோட ஃபைனல் டியூ டேட் எது?" என்று கேட்டு, தாய் சேய் நல அட்டையிலும் ஃபைலின் முதல் பக்கத்திலும் அதைப் பெரிசாக எழுதச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி மாறினால் அந்த முதல் ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டு போங்க. பின்னாடி யாராவது தேதியை மாத்தினால், எதனால் என்று கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

இன்னொண்ணு. தேதி இன்னும் இருக்கே என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாத சமயங்கள் உண்டு: ரத்தப்போக்கு, நீர் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது. அப்போ காலண்டரைப் பார்க்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

இந்த எபிசோடை உங்க வீட்டில் அல்லது ஃப்ரெண்ட்ஸ் யாராவது மாசமா இருந்தா அவங்களுக்கு அனுப்பி வைங்க. அவங்க கணவருக்கும் சேர்த்து அனுப்புங்க. ஃபைலைத் தூக்கிட்டுப் போறது பல நேரம் அவர்தானே!